மூணு காப்பி, ஒரே பை!

உங்களோட முக்கியமான ஃபைலுக்கு எத்தனை காப்பி வெச்சிருக்கீங்க? 'ரெண்டு இருக்கு, மூணு இருக்கு' என்று காலரைத் தூக்கி விடுகிற ஆளா நீங்க? அப்படின்னா இந்தக் கதை உங்களுக்குத்தான். அப்படித் தூக்கிவிட்டுக்கிட்டு மாட்டினவன் நான்தான்!

2008. இன்ஜினீயரிங் ஃபைனல் இயர். 'ரிலையபிலிட்டி' என்று ஒரு எலெக்டிவ் எடுத்திருந்தேன். ஒன்று பழுதானாலும் வேலை நிற்கக்கூடாது என்றால், எத்தனை ஸ்பேர் வைக்கணும் என்று கணக்குப் போடுகிற பாடம். ஒன்று பழுதாகிற வாய்ப்பை இன்னொன்றின் வாய்ப்பால் பெருக்கினால் போதும், ரெண்டும் சேர்ந்து படுத்துக்கிற வாய்ப்பு வந்துடும்.

ஹாஸ்டல் தண்ணி மோட்டாரையே எடுத்துக்குங்க. 100-க்கு 99 நேரம் ஓடுகிற மோட்டார் என்றால், வருஷத்தில் மூன்றரை நாளுக்கு மேல் தண்ணி கிடையாது. அதே மாதிரி இன்னொரு மோட்டாரைச் சேர்த்தால்? 100-ல் 1-ஐ 100-ல் 1-ஆல் பெருக்குங்க. 10,000-ல் 1. அதாவது, வருஷம் முழுக்க சுமார் 53 நிமிஷம்தான் தண்ணி இருக்காது. குளிக்காமல் கிளாஸுக்குப் போக சாக்கே இல்லை!

இப்படி 'கேட்கும்போது இருக்கா?' என்று பார்ப்பது அவைலபிலிட்டி. 'நடுவில் ஒரு தடவைகூட நிற்காமல் கடைசி வரை ஓடுமா?' என்று பார்ப்பது ரிலையபிலிட்டி. மோட்டார் நின்றால் எலெக்ட்ரீஷியன் வருவார். பறக்கிற விமானத்துக்கு வர முடியாதே!

சரி, என் கதைக்கு வர்றேன். வைவாவுக்கு ஒன்பது நாள். ஊருக்குப் போய்விட்டு நைட் பஸ்ஸில் திரும்பிக்கிட்டிருந்தேன். ப்ராஜெக்ட் லேப்டாப்பில் இருக்கு, பென் டிரைவில் இருக்கு, புரோகிராம் முழுக்க பிரின்ட் அவுட்டாகவும் இருக்கு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்கே போட்டிருந்தேன். ஒவ்வொன்றும் கைவிடுகிற வாய்ப்பு 10-ல் 1 என்று வைத்தாலும், மூணும் ஒண்ணா கைவிடுகிற வாய்ப்பு 1,000-ல் 1. நிம்மதியா டீ குடிக்க இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தால், மேலே வைத்திருந்த பை இல்லை.

லேப்டாப், பென் டிரைவ், பிரின்ட் அவுட், அந்தக் கணக்கு நோட்டு... எல்லாமே அந்தப் பையில்தான்.

என் வேலை மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. ப்ராஜெக்ட் பார்ட்னரோட நாலு மாச உழைப்பும் அதில் இருந்தது. அவனிடம் சொந்தமா கம்ப்யூட்டர் கிடையாது. அவன் வீட்டில் முதல் பட்டதாரி அவன்தான். வேலை ஆர்டர் கையில் இருந்தது, டிகிரி முடித்தால்தான் சேர முடியும். போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "மூணு காப்பி இருக்குன்னு சொன்னியேடா..." என்றான். திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

விமானக் கதைகளை அப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். 1989 ஜூலை 19. அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோ போன டிசி-10 விமானம். அதைத் திருப்ப, ஏற்ற, இறக்க மூன்று தனித்தனி ஹைட்ராலிக் அமைப்புகள். ஒன்று போனால் இன்னொன்று. ஆனால், வால் பகுதி இன்ஜினில் விசிறித் தட்டு வெடித்துச் சிதறியபோது மூன்றுமே செத்துப்போச்சு. ஏன்னா, மூன்றின் குழாய்களும் அந்த வால் வழியாகத்தான் போயின. மிச்சமிருந்த ரெண்டு இன்ஜின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானிகள் அதை சூ சிட்டி வரை கொண்டுவந்தாங்க. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். 112 பேர் போய்விட்டார்கள்.

1996 ஜூன் 4-ல் முதல் தடவையாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டில், திசை காட்ட ரெண்டு கம்ப்யூட்டர். ரெண்டிலும் ஒரே சாஃப்ட்வேர்! தாங்க முடியாத பெரிய எண் ஒன்று வந்ததும் முதலில் ஸ்பேர் படுத்தது. கண் இமைக்கும் நேரத்தில் மெயினும் அதே தப்பால் படுத்தது. கிளம்பி 40 செகண்டுக்குள் ராக்கெட் சிதறிடுச்சு.

சூத்திரத்துக்கு மேலே புத்தகத்தில் ஒரு வரி இருக்கும்: 'ஒன்றையொன்று சாராமல் பழுதானால்' மட்டுமே பெருக்கலாம். பரீட்சையில் அந்த வரியை எழுதி மார்க்கும் வாங்கினவன் நான். பையைக் கணக்கில் சேர்க்கத்தான் மறந்துட்டேன். பை தொலைகிற வாய்ப்பு 50-ல் 1 என்று வையுங்க. மொத்த ஆபத்து 1,000-ல் 1 இல்லை, கிட்டத்தட்ட 1,000-ல் 21! அதே பையில் நாலாவது, அஞ்சாவது காப்பி வைத்தாலும் 20-க்குக் கீழே இறங்காது. அந்த ரெண்டு மோட்டாரும் அப்படித்தான். ஒரே கரன்ட் லைனில் இருந்தால், கரன்ட் போனதும் ரெண்டும் சேர்ந்தே நிற்கும்.

எங்களைக் காப்பாற்றியது யார் தெரியுமா? எங்க ப்ராஜெக்ட்டை அப்படியே காப்பியடிக்க ஆசைப்பட்ட ஒரு ஜூனியர்! ஒன்றரை மாசத்துக்கு முன்னால் அவன் கம்ப்யூட்டரில் பாதி வேலையைப் போட்டுக் கொடுத்திருந்தேன். பழசு, அரைகுறை. ஆனால், அது அந்தப் பையில் இல்லை. ஒன்பது நாளும் தூங்காமல் மிச்சத்தை எழுதினோம். சுமாரான மார்க்தான். பார்ட்னர் வேலையில் சேர்ந்துட்டான்.

இப்போ பை போய் போன் வந்தாச்சு. போட்டோ, சர்டிஃபிகேட் எல்லாம் கிளவுடில் பத்திரமா இருக்குங்கறீங்க. சரி, போன் தொலைந்தால் அதைத் திறக்க ஓடிபி எந்த நம்பருக்கு வரும்?

எத்தனை காப்பி இருக்குன்னு எண்ணாதீங்க. எத்தனை பையில் இருக்குன்னு எண்ணுங்க. ஒரே ஒரு பைதான்னா, இன்னிக்கே ஒரு காப்பியை ஊரில் இருக்கிற தங்கச்சிகிட்ட கொடுத்து வைங்க!