ஆணி அடிக்க அனுமதியில்லை

வாடகைக்கு வீடு விடுபவர்கள் சொல்லும் முதல் நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதாகத்தான் இருக்கும். அலுவலக சர்வர்களும் ஏறக்குறைய அப்படியே. ரூட் என்னும் உரிமையாளரைத் தவிர வேறெவரும் பொதுச் சுவர்களைத் தொட முடியாது. நமக்கென்று இருப்பது ஹோம் அடைவு என்னும் ஓர் அறை மட்டுமே.

நான் பணியாற்றிய இடத்தில் சென்ட் ஓஎஸ் 7 நிறுவிய சர்வர் ஒன்று இருந்தது. 2021இல் வெளிவந்த பைத்தான் 3.10 எனக்குத் தேவைப்பட்டது. நிர்வாகியிடம் கேட்டேன். “இந்த மெஷினை நாற்பது பேர் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்காக ஒன்றை மாற்றினால் இன்னொருவர் வேலை நின்றுவிடும். உங்கள் அடைவுக்குள் வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள், சார்” என்றார். அந்த மறுப்பில் நியாயம் இருந்தது.

வழி எளிதுதான். மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்வதற்கு முன் ‘ப்ரீஃபிக்ஸ்’ என்ற இடத்தில் நம் அடைவின் முகவரியைத் தர வேண்டும். பிறகு, கட்டளைகளைத் தேடும் பாதையில் அந்த முகவரியை முதலில் நிறுத்த வேண்டும். ஆனால் மென்பொருள் தனியே வருவதில்லை. சுற்றம் சூழ வருகிறது. பைத்தான் 3.10 எதிர்பார்ப்பது ஓப்பன் எஸ்.எஸ்.எல் 1.1.1, சர்வரில் இருந்ததோ 1.0.2. எனவே அதையும் என் அறைக்குள்ளேயே கம்பைல் செய்து, அதன் இருப்பிடத்தைப் பைத்தானுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாலைப்பொழுது அதில் கழிந்தது.

இந்த ‘அறை’க்கு ஒரு பழங்கதை உண்டு. யூனிக்ஸின் தொடக்க காலத்தில், 1970களின் முற்பகுதியில், பயனர்களின் அடைவுகள் ‘யு.எஸ்.ஆர்’ என்ற இடத்தில் இருந்தன. யூசர் என்பதன் சுருக்கம் அது. வட்டில் இடம் போதாமல் கணினியின் சொந்த உடைமைகள் மெல்ல அங்கே குடியேறின. பின்னாளில் பயனர்கள் ‘ஹோம்’ என்ற வேறிடத்துக்குப் பெயர்ந்தார்கள். இன்று அந்தப் பழைய வீட்டில் பெயர்ப்பலகை மட்டுமே நம்முடையது. உள்ளே எழுதும் உரிமை ரூட்டுக்குத்தான்.

இழந்த வீட்டை மீட்ட பெருமிதம் எனக்கு அதிக நாள் நீடிக்கவில்லை. 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை ஓப்பன் எஸ்.எஸ்.எல்லில் வெளிப்பட்டது நினைவுக்கு வந்தது. சர்வரின் நினைவகத்திலிருந்து சாவிகளையும் கடவுச்சொற்களையும் வெளியாள் உருவிக்கொள்ள இடம் தந்த ஓட்டை அது. அத்தகைய வேளைகளில் நிர்வாகி பொதுப் பிரதியைப் புதுப்பிப்பார். தன் அடைவுக்குள் ஒருவர் தனியே கட்டிய பிரதி, அவரே மீண்டும் கட்டும்வரை ஓட்டையோடுதான் இருக்கும்.

ரூட்டின் தயவு வேண்டாம் என்று வந்தவன், அந்தச் சிறிய அறைக்கு நானே ரூட் ஆகிவிட்டேன். நிர்வாகி இத்தனை நாள் ஓசையின்றிச் செய்துவந்த வேலை என்னவென்று அப்போதுதான் விளங்கியது. எதை, எந்தப் பதிப்பில், என்று நிறுவினேன் என்பதை ஒரு கோப்பில் குறித்து வைத்தேன். அந்த வேலையில் இருந்தவரை, மாதத்தின் முதல் திங்களன்று அதைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது வழக்கமாயிற்று.