சோடி இல்லாத மூடிகள்

காங்கேசன்துறை வீதியில் சுன்னாகம் சந்தையைத் தாண்டி, ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் சிறிய பாடசாலை. முதலாம் தர வகுப்பில் மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். பிள்ளைகளின் வட்டத்துக்கு நடுவே வெறும் பால்மா ரின் ஒன்றும் ஒரு பிடி புளியங்கொட்டையும். கழித்தல் பாடத்துக்கு ரீச்சர் கொண்டுவந்த சாமான் அவ்வளவுதான்.

ஐந்து கொட்டைகளை ஒவ்வொன்றாக ரின்னுக்குள் போட்டார். விழுகிற சத்தத்தோடு “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று பிள்ளைகள் எண்ணினார்கள். பிறகு கையை விட்டு இரண்டை எடுத்துக் காட்டி, “இப்ப உள்ளுக்க எத்தினை கிடக்கு?” என்றார். ஒருவன் எட்டிப் பார்க்க எழும்பினான். ரீச்சர் ரின்னின் வாயைப் பொத்திக்கொண்டார். “முதல்ல சொல்லுங்கோ, பிறகு பாப்பம்.” சொன்ன விடை சரியா பிழையா என்று அவர் வாய் திறக்கவில்லை. ரின்னைப் பாயில் கவிழ்த்தார். பிள்ளைகளே எண்ணித் தீர்த்துக்கொண்டார்கள்.

ஏன் பொத்த வேண்டும் என்று இடைவேளையில் கேட்டேன். “கண்ணுக்கு முன்னால கிடந்தால் எண்ணிப் போடுவினம், கழிக்க மாட்டினம்” என்றார்.

அடுத்த விளையாட்டு முற்றத்தில். பத்து வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிப் பந்தை உருட்டினார்கள். நாலு விழுந்தால் ஆறு நிற்கும். ஆறு விழுந்தால் நாலு நிற்கும். பத்தின் சோடிகள் இப்படி வாயோடு வந்துவிட்டால், பின்னால் பதின்மூன்றில் எட்டை எடுக்கும்போது பிள்ளை முதலில் மூன்றை எடுத்துப் பத்துக்கு வந்து, அங்கிருந்து ஐந்தை எடுத்துவிடும்.

சிக்கல் வந்தது சோடா மூடி விளையாட்டில். ஒரு சிறுமியிடம் ஏழு மூடி, பக்கத்தில் இருந்தவனிடம் நாலு. “உங்களிட்ட எத்தினை கூட இருக்கு?” என்ற கேள்விக்குச் சிறுமி “ஏழு” என்றாள். இரண்டாம் முறையும் ஏழுதான். ரீச்சர் விடையைத் திருத்தவில்லை, கேள்வியை மாற்றினார். இருவரின் மூடிகளையும் எதிரெதிரே அடுக்கச் சொல்லி, “சோடி கிடைக்காமல் தனிய நிக்கிறது எத்தினை?” என்றார். உடனே வந்தது: “மூண்டு!”

இதே இடறலை ஆய்வாளர் ரொம் ஹட்சன் 1983 இல் பதிவு செய்திருக்கிறார். படத்தில் சில பறவைகள், அவற்றைவிடக் குறைவாகப் புழுக்கள். பறவைகள் எத்தனை கூட என்று கேட்டபோது முன்பள்ளிப் பிள்ளைகளில் 17 வீதத்தினரே சரியாகச் சொன்னார்கள். எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது என்று கேட்டபோது 83 வீதத்தினர் சொன்னார்கள். படமும் எண்களும் ஒன்றே. ரீச்சர் இந்த ஆய்வைப் படித்தவரல்ல. வருடா வருடம் வந்த “ஏழு” அவருக்கு அதைப் படிப்பித்திருக்கிறது.

எடுத்தபின் மிஞ்சுவது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், இன்னும் எவ்வளவு வேண்டும் என்பது: மூன்றையும் கொப்பியில் ஒரே சிறு கோடுதான் குறிக்கிறது. பிள்ளைக்கோ அவை மூன்று வேறு வேலைகள். மூன்றாவதைச் சுன்னாகம் சந்தையில் நாள் முழுக்கப் பார்க்கலாம். 165 ரூபாவுக்கு மரக்கறி வாங்கி இரண்டு நூறு ரூபாத் தாளை நீட்டினால், வியாபாரி கடன் வாங்கிக் கழிப்பதில்லை. ஐந்து ரூபாக் குத்தியை வைத்து “நூற்றியெழுபது”, பத்தை வைத்து “நூற்றியெண்பது”, இருபதை வைத்து “இருநூறு” என்று கூட்டியே மிச்சக் காசைத் தந்துவிடுவார். வகுப்பின் ‘கடை விளையாட்டு’ இந்த முறையைத்தான் பழக்குகிறது.

1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலாம் தரத்தில் எழுத்து வேலையைவிட விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் கூடிய இடம் கொடுத்தது. ஆனாலும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நினைப்பு முதலாம் தரத்துப் பெற்றோரையே பிடித்துக்கொள்கிறது. “கொப்பியில ஒண்டையும் காணேல்லையே ரீச்சர்” என்று வாசலில் கேட்கிறார்கள். அவர்களுக்காகவே கடைசிப் பத்து நிமிடத்தில் நாலைந்து கணக்கு எழுதப்படுகிறது. அன்று எழுதிய முதற் கணக்கு 7 − 4. அந்தச் சிறுமி விரலைக்கூட மடக்காமல் 3 என்று எழுதினாள்.

புளியங்கொட்டையும் சோடா மூடியும் எந்த வீட்டிலும் உண்டு. பிள்ளை பிழையாகச் சொன்னால் பெற்றோர் அதே கேள்வியை உரத்துக் கேட்கிறோம். வேறு விதமாகக் கேட்டுப் பார்ப்பதுதான் ரீச்சரின் தொழில். அதை வீட்டிலும் பழகலாம்.