சணல் சுற்றிய கை

சாயங்காலம் ஆறு மணி. எம். புதுப்பட்டியில் பட்டாசு ஆபீஸ் விட்டு ஆட்கள் திரும்புகிற நேரம். டீக்கடையை ஒட்டின பழைய இரும்புக்கடைத் தராசில் ஒரு லோடுமேன் ஏறி நிற்கிறான். 92. அவன் இறங்கியதும் இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறார். கழற்றாவிட்டால் மட்டும் என்ன கூடிவிடப் போகிறது. 57.

"இது நாயமாப்பா?" என்கிறார் டீ மாஸ்டர், வடிகட்டியைத் தட்டிக்கொண்டே.

ஒல்லிக்காரர் அணுகுண்டுக்குச் சணல் சுற்றுகிறவர். வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. எனக்குப் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். டீ கிளாஸை வாங்கும்போது கையைப் பார்த்தேன். சுட்டுவிரல் ஓரம் முழுக்கச் சணல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போயிருக்கிறது. முழங்கைக்கு மேலே ஒன்றுமில்லை, குச்சி. முழங்கைக்குக் கீழே மட்டும் வேறு யாருடைய கையையோ கொண்டுவந்து மாட்டினாற்போல் முறுக்கு.

தண்ணி டிரம் மேல் பலகை. பலகைமேல் மடித்த துண்டு. முழங்கைகள் இறங்குகின்றன.

"அண்ணே, வேணாம்ணே. ஒடிஞ்சிரும்."

"நீ கைய வைப்பா."

கைமல்யுத்த உலகப் போட்டிகளில் இந்த இரண்டு பேரும் ஒரே மேஜைக்கு வரவே மாட்டார்கள். அங்கே 55, 60, 65 என்று 90 வரை ஐந்தைந்து கிலோவுக்கும், அதற்குமேல் பத்துப் பத்துக்கும் ஒரு பிரிவு பிரித்து, 110க்கு மேலே போனவர்களைத் தனியாக நிறுத்திவிடுகிறார்கள். இங்கே வித்தியாசம் மட்டுமே 35.

முதல் ஆட்டம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்தது. லோடுமேன் பக்கவாட்டில் தள்ளினான். ஒல்லிக்காரர் தள்ளவே இல்லை. தன் பக்கமாக இழுத்தார். இழுத்துக்கொண்டே அவன் விரல்களின் மேலே ஏறினார். தடித்த மணிக்கட்டு மெல்லப் பின்னால் மல்லாந்தது. மணிக்கட்டு போனபின் தோளும் முதுகும் இருந்து புண்ணியமில்லை. 92 கிலோவும் முழங்கைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பெட்டி சுமக்கிறவன் பலம் முதுகில். உள்ளங்கைக்கு அங்கே அவ்வளவாக வேலையில்லை.

கூட்டத்தில் ஒரு பையன் போனை நீட்டுகிறான். "ஜான் பிரெசென்க்ண்ணே. அமெரிக்காக்காரன். 86ல லாஸ் வேகாஸ்ல லாரி டிரைவர்களுக்கு வச்ச போட்டில ஜெயிச்சு லாரியவே பரிசா வாங்கினவன்." போனில் தொண்ணூறு கிலோ சொச்சம் இருக்கிற ஆள், தன்னைவிட எவ்வளவோ பெருத்தவனை இதே மாதிரி விரலைப் பிடித்துத்தான் கவிழ்க்கிறான். 2023ல் டெல்லியில் நடந்த புரோ பஞ்சா லீகில் கொச்சி அணி ஜெயித்த கதையும் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊர் அணி ஒன்றுகூட இல்லையே என்பதில் அவனுக்குக் கோபம்.

தசையின் பலம் அதன் தடிமனைப் பொறுத்தது. உடம்பு உயரம், அகலம், கனம் எல்லாவற்றிலும் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். பலம் அத்தனை கூடுவதில்லை. எறும்பு தன்னைவிடப் பெரியதைத் தூக்குவது இதனால்தான். ஆனால் இதைச் சொல்லி ஒல்லிக்காரர்கள் ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். இரண்டாவது ஆட்டம் பாக்கி இருக்கிறது.

லோடுமேன் சட்டைக் கையை ஏற்றிவிட்டான். இந்தத் தடவை தள்ளவில்லை. மணிக்கட்டை உள்பக்கமாகச் சுருட்டி, நெஞ்சைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தோற்ற கை தானே கற்றுக்கொண்டது. அதற்குப்பின் விரல் வித்தை எடுபடவில்லை. 57 கிலோ, காற்றில் சாத்துகிற கதவு மாதிரி போய்ச் சேர்ந்தது.

பையன் அடுத்த வீடியோவைத் தேடுகிறான். 2022, துபாய். கைமல்யுத்தக்காரர் டெவன் லாரட்டின் நுணுக்கமெல்லாம் 170 கிலோவுக்கு மேலிருக்கிற லெவான் சாகினாஷ்விலியிடம் செல்லவில்லை. அந்தக் கனத்துக்கு வித்தையும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவது ஆட்டம் நீண்டது. இரண்டு கைகளும் நட்ட நடுவில் நின்றன. பலகை கிறீச்சிட்டது. லோடுமேனின் கழுத்து நரம்பு புடைக்கிறது. ஒல்லிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறார். தோளும் கூடவே திரும்புகிறது. கை மட்டும் பின்னால் தங்குகிறது.

"ஏய், விடுங்கப்பா! கையப் பாத்துத் திரும்பு, கையப் பாத்து!"

கத்தியது பீடிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாகக் குத்துக்காலிட்டிருந்த தாத்தா. மேல்கை எலும்பு முறுக்கி ஒடிவது அப்படித்தான். உடம்பு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் ஆனால் போதும். ஒடிப்பதற்கு எதிராளி 92 கிலோ இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. தாத்தாவுக்கு இது எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய வலது கை முழுசாக நீளாமல் மடங்கியே இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

லோடுமேன்தான் முதலில் பிடியைத் தளர்த்தினான். "போதும்ணே. நாளைக்கு வேலைக்குப் போவணும்ல."

"மாஸ்டர், ரெண்டு டீ. தம்பி கணக்குல."

"எங் கணக்குலயா?"

"மொத ஆட்டம் யாரு தோத்தா?"

சிரிப்பு அடங்குவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. ஒல்லிக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டீயை இடது கையில் வாங்கினார். வலது கையைத் தொடைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் செருகிக்கொண்டார். பெஞ்சுப் பலகை லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் ரோட்டில் போகிற வேனைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.