பாட்டுக்குக் காவல் யார்?

திருகோணமலை என்றதும் வெளியூர்க்காரர் மூன்று விடயங்களைச் சொல்வார்கள்: இயற்கைத் துறைமுகம், கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று. நான்காவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பது எனது ஆசை. இலங்கைத் தமிழ் மெல்லிசையில் முன்வரிசையில் நின்ற ஓர் இசைக்குழு இந்த ஊரில்தான் பிறந்தது. 'பரமேஷ் – கோணேஷ்' என்ற பெயர் தெரியுமா என்று எங்கள் உயர்தர வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அந்த இருவருடைய வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

எம். பி. பரமேஷும் எம். பி. கோணேஷும் சகோதரர்கள். பரமேஷ் பாடல்களை உருவாக்கிப் பாடினார். கோணேஷ் பாடகர், கிட்டார் கலைஞர். பரமேஷின் 'உனக்குத் தெரியுமா' என்ற பாடல் இசைத்தட்டாக வெளிவந்தது. இலங்கையின் முதல் தமிழ் இசைத்தட்டு என்ற பெருமை அதற்குத்தான் தரப்படுகிறது. கப்பலும் கடற்படையும் மட்டுமே பேசப்பட்ட துறைமுக ஊரின் பிள்ளைகள், கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சொந்தத் தமிழில் சொந்த மெட்டில் பாடியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அது அறுபதுகளின் கடைசியும் எழுபதுகளும் சேர்ந்த காலம். உலகமெங்கும் இளைஞர்கள் கிட்டார் பிடித்துக் குழு சேர்ந்த காலம். சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் 'மூன்ஸ்டோன்ஸ்' குழு புதுப் பாதை போட்டது. தமிழில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி' பாடி ஊரையெல்லாம் ஆட வைத்தார். போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற பைலாத் தாளம் இந்தப் பாடல்கள் பலவற்றில் துள்ளியது. அந்தத் தாளம் கிழக்குக்குப் புதிதல்ல; மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் அது முன்பே இருந்தது. இவற்றையெல்லாம் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது இலங்கை வானொலி.

பிறகு ஏன் எங்கள் வயதினருக்கு 'சுராங்கனி' தெரிகிறது, எங்கள் ஊர்க் குழுவைத் தெரியவில்லை? நான் யோசித்துக் கண்ட விடை இது. 'சுராங்கனி' தமிழகத்துக்குப் போனது, சினிமாவுக்குள்ளும் நுழைந்தது. சினிமாப் பாட்டுக்குப் படம் என்ற ஒரு வாகனம் இருக்கிறது. தொலைக்காட்சியில் படம் ஓடும் ஒவ்வொரு தடவையும் பாட்டுக்கு மறுபடி உயிர் வருகிறது. நடிகரின் முகம் பாட்டை ஞாபகப்படுத்துகிறது. ஊர்க் குழுவின் பாட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வானொலி அதை ஒலிபரப்புவதை நிறுத்திவிட்டால், அதற்கு மிஞ்சுவது ரசிகர் மட்டுமே. அந்த ரசிகரும் யுத்தத்தால் ஊரைவிட்டுப் போய்விட்டால்?

அப்படிப்பட்ட ஒரு ரசிகர் எங்கள் வீட்டிலும் இருந்தார். என் மூத்தாப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலை செய்தவர். அவருக்கு ஒரு தமிழ்க் கூட்டாளி. இரண்டு பேரும் காசு சேர்த்து ஒரு கசெட் ரேடியோ வாங்கினார்களாம். அது ஒரு கிழமை இவர் வீட்டில், மறு கிழமை அவர் வீட்டில். வானொலிக்குத் தபாலட்டை எழுதிப் போட்டுவிட்டு, தங்கள் பெயர் வாசிக்கப்படும் நாளுக்காகக் காத்திருப்பார்களாம். பாட்டுத் தொடங்கியதும் பதிவுப் பொத்தானை அமுக்குவது கூட்டாளியின் வேலை. பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது மூத்தாப்பாவின் வேலை. "அந்த நேரம் நாங்க இருமவும் ஏலாது" என்று மூத்தம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பா.

எண்பதுகளில் கூட்டாளி குடும்பத்தோடு வெளிநாடு போனார். போகும்போது கசெட்டுகளை ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டு மூத்தாப்பாவிடம் கொடுத்திருக்கிறார். மூத்தாப்பா வபாத்தான பிறகு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்தப் பெட்டி வெளியே வந்தது. பதினொரு கசெட்டுகள். ஒவ்வொன்றின் அட்டையிலும் பாட்டுகளின் பெயரும் பாடியவர் பெயரும் இரண்டு விதமான கையெழுத்தில் இருந்தன. ஒன்று சரிந்த எழுத்து. மற்றது மூத்தாப்பாவின் உருண்டை எழுத்து. பரமேஷ், கோணேஷ் என்ற பெயர்களை நான் முதன்முதலில் வாசித்தது அந்த உருண்டை எழுத்தில்தான்.

எங்கள் வீட்டில் பாட்டுக் கேட்பது பற்றி எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. வாப்பா பாட்டுக் கேட்பதில்லை. வீட்டில் போடுவதையும் விரும்புவதில்லை. அது அவருடைய மார்க்கப் பேணுதல், அதை நான் மதிக்கிறேன். பெட்டியைப் பார்த்ததும் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் ஒவ்வொரு அட்டையாக எடுத்து வாசித்தார். கடைசியில், "பாட்டுக் கேக்கிறதா இல்லையா எண்டது வேற கதை மகள். இது உங்கட மூத்தாப்பாட கையெழுத்து. மத்தது அவர்ர கூட்டாளிட அமானிதம். இதை எறியச் சொல்ல மாட்டன்" என்றார்.

அமானிதம் என்ற சொல் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. பாட்டை ரசித்தவரும் ரசிக்காதவரும் ஒரே பெட்டியைக் காப்பாற்ற முடியும் என்பதை அன்று கண்டேன்.

ஆனால் பத்திரமாக வைத்திருந்தால் மட்டும் போதாது. கசெட் நாடா என்பது பிளாஸ்டிக் மேல் இரும்பு ஒக்சைட்டுத் தூள் பூசிய மெல்லிய பட்டி. எங்கள் ஊரின் உப்புக் காற்றும் ஈரமும் அதற்கு எதிரி. பூச்சு உதிர்ந்தால் ஒலியும் உதிரும். பூஞ்சணம் பிடித்தால் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாமாவின் உதவியோடு பழைய ரேடியோ திருத்தும் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டுபோனோம். பதினொன்றில் ஏழைத்தான் ஓட வைக்க முடிந்தது. அவற்றைக் கணினியில் ஏற்றித் தந்தார். ஒரு பாட்டின் நடுவே அறிவிப்பாளர் குரல் வெட்டுப்படுகிறது. இன்னொன்றில் தூரத்தில் கப்பல் ஊதுகிறது. வேறொன்றின் முடிவில் யாரோ இருமுகிறார்கள். அது தன்னுடைய இருமல்தான் என்று மூத்தம்மா சத்தியம் செய்கிறா.

வெளியுலகிலும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் ரொட்ரிகஸ் என்ற பாடகர் 1970இலும் 1971இலும் இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டார். அவருடைய நாட்டில் அவற்றை வாங்குவாரில்லை. அவர் கூலி வேலைக்குப் போனார். ஆனால் தென்னாபிரிக்காவில் மக்கள் அந்தப் பாட்டுகளை ஒருவருக்கொருவர் பிரதியெடுத்துக் கொடுத்துக் கொண்டாடினார்கள். அவர் உயிரோடிருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தவர்களும் ரசிகர்கள்தான். 1998இல் அங்கே போனபோது அரங்கு நிறைந்த கூட்டம் அவருக்காகக் காத்திருந்தது. அந்தக் கதை ஆவணப்படமாகி 2013இல் ஒஸ்கார் விருதும் பெற்றது.

எங்கள் ஊர்க் குழுவின் கதையும் முற்றாக முடிந்துவிடவில்லை. பரமேஷ் குடும்பத்தினர் ஜெர்மனிக்குப் போனார்கள். அவருடைய மகள் பிரபாலினி பிரபாகரன் இசையமைப்பாளராகப் பெயர் பெற்றார். புலம்பெயர்ந்த மூத்தவர்கள் இன்றும் அந்தப் பழைய பாட்டுகளைத் தேடிக் கேட்கிறார்கள். ஊரில்தான் எங்கள் தலைமுறை அவற்றை மறந்து நிற்கிறது.

இதை வாசிக்கும் தோழியரிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டிலும் ஒரு பெட்டி இருக்கலாம். அதில் கசெட் இருக்கலாம். நிகழ்ச்சித் துண்டுப்பிரசுரமோ மேடையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமோ இருக்கலாம். பாட்டைக் கேட்பதும் கேட்காததும் உங்கள் விருப்பம். ஆனால் படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த மண்டபம் என்பதைத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டுப் பின்புறத்தில் எழுதி வையுங்கள். நான் மூத்தம்மாவிடம் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். கொப்பியில் இதுவரை பதினான்கு பக்கம். சரிந்த எழுத்துக்காரரின் முழுப் பெயரும் அதில் இருக்கிறது. அவரோ அவருடைய பிள்ளைகளோ என்றாவது திருகோணமலைக்கு வந்தால், பெட்டியை ஒப்படைக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.