அண்ணனும் நிக்கல் காயிலும்

நான் பி.காம். படிக்கிறவன். ஃபிசிக்ஸுக்கெல்லாம் பத்தாவதோட ஒரு கும்பிடு போட்டு அனுப்பியாச்சு. அப்படிப்பட்டவன் போன லீவுல நிக்கல் கம்பியோட மின்தடையைப் பத்தி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிச்சேன்னா நம்புவீங்களா? எல்லாம் எங்க அண்ணனால.

சொந்த அண்ணன் இல்ல, பெரியம்மா பையன். லண்டன்ல வேலை. தங்கச்சி கல்யாணத்துக்காக அஞ்சு வாரம் லீவு போட்டுட்டு செங்கல்பட்டு வந்திருந்தார். ஒரு காலத்துல நாளைக்கு ஒரு பாக்கெட் ஊதுற ஆளு. பெரியப்பா நுரையீரல் புற்றுநோயில போய்ச் சேர்ந்ததும் சிகரெட்டை விட்டுட்டார். விட்டார்னா, வேப்புக்கு மாறிட்டார். அங்க அதுக்கு அரசாங்கமே துணை. 2023-ல பத்து லட்சம் புகைப்பவர்களுக்கு இலவச வேப் கிட் தர்றதா இங்கிலாந்து அரசு அறிவிச்சது. அண்ணன் பதினாலு மாசமா ஒரு சிகரெட் தொடலை.

இங்க கதையே வேற. தமிழ்நாட்டுல 2018-லயே தடை. 2019 செப்டம்பர்ல மத்திய அரசோட அவசரச் சட்டம் வந்து, டிசம்பர்ல முழுச் சட்டமே ஆயிடுச்சு. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவைன்னா ஒரு வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். இருப்பு வெச்சா ஆறு மாசம் வரைக்கும் சிறை, ஐம்பதாயிரம் வரைக்கும் அபராதம். அண்ணனுக்கு இது எதுவும் தெரியாது. பாட்டுக்கு பைக்குள்ள போட்டுக்கிட்டு வந்துட்டார். நான் படிச்சுக் காட்டினதும் மனுஷன் முகம் வெளுத்துப் போச்சு.

மூணாவது வாரம். எல்லாருமா திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சு மாமல்லபுரம் போனோம். பெரியம்மா வெண்ணெய் உருண்டைப் பாறை கிட்ட போட்டோ எடுத்துக்கிட்டு இருக்க, அண்ணன் என்னைத் தனியா கூட்டிட்டுப் போனார். "டேய் தம்பி, டேஸ்ட்டே வரலைடா. காயில் செத்துப் போச்சு. இதான் கடைசி."

அப்ப ஆரம்பிச்சதுதான் என் ஆராய்ச்சி :-)

விஷயம் இதுதான். உள்ள ஒரு சின்னக் கம்பிச்சுருள், அதுக்குள்ள பஞ்சு. பஞ்சு உறிஞ்சின திரவத்தைச் சுருள் சூடாக்கி ஆவியாக்கும். சாதாரணக் கம்பியில, பஞ்சு காய்ஞ்சா கருகின வாசனை தொண்டையைப் பிடிக்கும். இதைத் தடுக்கத்தான் வெப்பநிலைக் கட்டுப்பாடு. எவோல்வ்ங்கிற அமெரிக்க கம்பெனி 2014-ல விட்ட டிஎன்ஏ 40 சிப்லதான் இது பிரபலமாச்சு. உள்ள தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது. நிக்கல் சூடானா மின்தடை ஏறும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.6 சதவீதம். குளிர்ந்த நிலையில 0.10 ஓம் இருக்கிற சுருள், இருநூறு டிகிரி கூடினா 0.22 ஓம் பக்கம் வந்துடும். சிப் இந்த ஏத்தத்தை வெச்சே சூட்டைக் கணக்குப் போட்டு, எல்லை வந்ததும் கரண்டைக் குறைச்சிடும். தாத்தா பெட்டியில இருக்கிற 1950-ஆம் வருஷத்து ஒரு ரூபாய் நாணயமும் இதே நிக்கல்தான், காந்தத்துல ஒட்டும். அதுக்குள்ள இவ்வளவு வித்தை இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் ஏன் ருசி போகுது? திரவத்துல இனிப்புக்காகச் சேர்க்கிற சுக்ரலோஸ் மாதிரி சமாச்சாரம் ஒழுங்கா ஆவியாகாது. பால் அடிப்பிடிச்ச பாத்திரம் மாதிரி கருப்பா கம்பி மேல படியும். நம்ம ஊரு போர் தண்ணியில போட்ட ஹீட்டர் ராடை நினைச்சுக்கோங்க. வெள்ளையா உப்பு ஏறினப்புறம் தண்ணி காய எவ்வளவு நேரம் ஆகுது? அதே கதைதான். சிப்புக்குத் தெரியறது கம்பியோட சூடு மட்டும். கம்பி சீக்கிரம் சூடாகிடும், சிப் கரண்டைக் குறைச்சிடும், ஆனா படிவத்தைத் தாண்டி திரவத்துக்குப் போற சூடு கம்மி. கருகின வாசனையும் வராது, ருசியும் வராது. எந்த அறிவிப்பும் இல்லாம மெதுவா மங்கும். மத்த கம்பின்னா பஞ்சை எடுத்துட்டு செவக்கச் செவக்கக் காய்ச்சி சுத்தம் பண்ணுவாங்களாம். நிக்கல்ல அது கூடாது. மெத்துன்னு இருக்கிற உலோகம், ஆக்ஸைடு படியும், அதை இழுக்கிறதும் நல்லதில்ல. தூக்கித்தான் போடணும். இனிப்பு அதிகமான திரவம்னா ஒண்ணு ரெண்டு வாரம், அவ்வளவுதான் ஆயுசு.

"காயில்தானா, இல்ல உன் நாக்கா?"ன்னு கேட்டேன். அதுவும் நடக்குமாம். குப்பத்துல கருவாடு காயற இடத்துல பத்து நிமிஷம் நின்னா நமக்கு வாசனையே தெரியாம போகுதில்ல, அந்த மாதிரி ஒரே ருசியை இழுத்துக்கிட்டே இருந்தா மூக்கு பழகிப் போயிடும். அண்ணன் ரெண்டு நாள் நிறுத்திப் பார்த்தார். மறுபடி இழுத்தார். ஊஹூம். காயிலேதான்.

எங்க பாடத்துல தேய்மானம்னு ஒண்ணு உண்டு. குறைந்துசெல் மதிப்பு முறையில வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வரும், ஆனா பூஜ்ஜியம் ஆகாது. காயிலும் அப்படித்தான். இன்னைக்குச் செத்துச்சுன்னு சொல்ல ஒரு நாளே இல்ல. அதனாலதான் அண்ணன் முன்னாடியே சுதாரிக்கலை. இதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அவர்கிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

நாலாவது வாரம், பத்திரிகை வெக்கப் போயிட்டு திருக்கழுக்குன்றத்துல பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தோம். தண்ணி வாங்கிட்டு வரேன்னு போனவர் வரலை. போய்ப் பார்த்தா பெட்டிக்கடை ஓரமா நிக்கிறார். கடைக்காரர் தொங்கவிட்ட கயிறு நுனியில நெருப்பு கனிஞ்சுக்கிட்டு இருக்கு. அண்ணன் அதுலதான் பத்த வெச்சிருக்கார். சில்லறையில ஒத்தை சிகரெட். எந்தச் சட்டமும் குறுக்க வரலை.

என்னைப் பார்த்ததும் கீழ போட்டு மிதிச்சார். "பதினாலு மாசம்டா"ன்னார். வேற ஒண்ணும் பேசலை. அவர் சட்டையில அன்னைக்கு அடிச்சது பெரியப்பா வாசனை. பெரியம்மாவுக்கும் அது தெரிஞ்சிருக்கும். வீட்டுக்குள்ள வந்ததும் ஒரு நிமிஷம் நின்னு பார்த்துட்டு, ஒண்ணும் கேக்காம சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க.

தடை சரியா தப்பான்னு தீர்ப்பு சொல்ற அளவுக்கு எனக்கு வயசு பத்தாது. வேப்லயும் நிக்கோடின் இருக்கு, அடிமையாக்கும். ஸ்கூல் பசங்க கையில போகக்கூடாதுன்னா அது நியாயம்தான். ஆனா அதைவிடக் கொடுமையான சிகரெட் மட்டும் எட்டடிக்கு ஒரு கடையில தொங்குதே, அது எந்தக் கணக்கு?

என்னை உறுத்தறது அதுகூட இல்ல. அண்ணன் ஊருக்குப் போனப்புறம் ஒரு நாள் எங்க தெரு மெடிக்கல் ஷாப்புல நின்னப்போ கண்ணாடிக்குள்ள நிக்கோடின் சூயிங்கம் இருந்தது. ரெண்டு மில்லிகிராம், சீட்டு இல்லாமலே தர்றாங்க. புகையிலையை விட நினைக்கிறவங்களுக்கு 1800-11-2356ன்னு இலவச தேசிய எண்ணே இருக்கு. நான் 0.10 ஓம், 0.22 ஓம்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்த நாள்ல, நாலு கடை தள்ளிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தேய்மானம் எழுதத் தெரிஞ்ச எனக்கு, வரப்போற செலவுக்கு முன்னாடியே ஒதுக்கீடு பண்ணணும்கிற பாடம் மறந்து போச்சு.

போன வாரம் போன்ல பேசினார். "இப்ப எத்தனை நாள்ணா?"ன்னேன்.

"பத்தொன்பது"ன்னார்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு எவனாவது ஆசையா வேப் தேடிப் போனீங்க, நான் பொறுப்பில்ல. ஊதாதவன் எதையும் ஊத ஆரம்பிக்க வேண்டாம். ஊதறவன் மேல உள்ள நம்பரைக் குறிச்சுக்கோங்க.