பாயின்ட்டில் போகலாம் தருமபுரம்!

காரைக்கால் தருமபுரத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்களா? ஊரைச் சரியாகச் சொல்லுங்க சார்! ஆதீன மடம் இருப்பது மயிலாடுதுறை தருமபுரம். தர்மபுரி கதையே வேறு. இங்கே இருப்பவர் யாழ்மூரிநாதர். 'பாட்டுக்குப் பெருமையே எங்க பாணர் யாழாலதான்' என்று யாழ்ப்பாணரின் சொந்தக்காரர்கள் அலட்ட, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைச் சம்பந்தர் பாட, பாணர் யாழையே உடைக்கப் போனாராம். சொந்தக்காரர்கள் அன்றைக்கே அப்படித்தான்!

சரி, டிக்கெட். சென்னையிலிருந்து காரைக்காலுக்கு ராத்திரி ரயில் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி.யும் எஸ்.பி.ஐ.யும் சேர்ந்து தரும் கிரெடிட் கார்டில் ஏ.சி. டிக்கெட் எடுத்தால் 10 சதவீதம் வரை பாயின்ட். ஒரு பாயின்ட் ஒரு ரூபாய். அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளலாம். ஸ்லீப்பருக்கு அந்த யோகம் கிடையாது. 'அப்போ ஏ.சி.யிலேயே போவோமே' என்று வீட்டில் குரல் வரும். காதிலேயே வாங்காதீர்கள்! எப்படியும் ஏ.சி.யில் போகிற மாமனார், மாமியார் டிக்கெட்டை உங்கள் கார்டில் போடுங்கள், பாயின்ட் உங்களுக்கு.

ஐந்து வயது நிரம்பாத வாண்டுக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம்.

பில்லை மட்டும் முழுசாகக் கட்டிவிடுங்கள். பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதத்துக்குக் குறையாமல் வட்டி போடுவார்கள். 10,000 ரூபாய் டிக்கெட்டில் கிடைக்கும் ஆயிரம் பாயின்ட்டை மூணே மாசத்தில் வட்டி விழுங்கிவிடும்.

காரைக்கால் ஸ்டேஷனில் இறங்கினால் கோயிலுக்கு ஆட்டோ. அவரிடம் பாயின்ட் செல்லாது!