1832இல் வந்தது எந்தத் திராட்சை?

நவம்பர் பாதி கடந்துவிட்டால் ராயபுரம், காசிமேடு பக்கத்துத் தள்ளுவண்டிகளில் பன்னீர் திராட்சைக்குத் தனிக் கிராக்கி வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடும் வீடுகள் தேடி வாங்கும் பழம் அது. பக்கத்திலேயே விதையில்லாத பச்சைத் திராட்சை குவிந்து கிடக்கும். அதை யாரும் இதற்கென்று வாங்க மாட்டார்கள். “சீட்லெஸ்ல இன்னா இருக்கு கண்ணு, வெறும் சர்க்கரைத் தண்ணி. கம்பத்துப் பன்னீர் போட்டாத்தான் ஜாடியத் தொறக்கும்போது வாசனை வரும்” என்றார் எங்கள் தெருவில் வருடம் தவறாமல் ஒயின் போடும் ஒரு பெரியம்மா.

அவர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் சுத்தமாகப் போகும்வரை காயவிடுவார். பிறகு பீங்கான் ஜாடியில் கையாலேயே பிசைந்து, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய ஈஸ்ட் எல்லாம் சேர்த்து வாயைத் துணியால் கட்டுவார். மூடியை இறுக்கக் கூடாது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றும்போது கரியமில வாயு கிளம்பும். அது வெளியேற வழி வேண்டும். தினமும் மரக்கரண்டியால் ஒரே நேரத்தில் கிளறி, 21ஆம் நாள் வடிகட்டுவார். நிறம் போதவில்லை என்றால் கொஞ்சம் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவார். உரிமம் இல்லாமல் மது தயாரிக்க 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே இது வீட்டுக்குள் தொடங்கி வீட்டுக்குள்ளேயே முடிகிற காரியம்.

இந்தக் கரைக்கு ஒயின் முதலில் கடல் வழியாகத்தான் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வழியில் மதேரா தீவில் நின்று பீப்பாய் பீப்பாயாக ஒயினை ஏற்றிக்கொண்டு வரும். வெப்பக் கடலின் சூட்டிலும் கப்பலின் ஆட்டத்திலும் அந்த ஒயின் கெடாமல் மேலும் பக்குவப்படும் என்று அதற்குக் கூடுதல் மதிப்பு. அன்று துறைமுகம் இல்லாத சென்னையில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, கயிற்றால் பலகை தைத்த மசூலா படகுகளில்தான் அத்தனை சரக்கும் அலையைத் தாண்டிக் கரை சேர்ந்தது. அந்தப் படகோட்டிகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் இன்றும் ராயபுரத்தில் இருக்கிறது. அவர்கள் தோளில் சுமந்து இறக்கிய ஒயின் அவர்களுக்கானது அல்ல. வடசென்னையின் வீட்டு ஜாடிகளுக்கு ஒயின் வந்த வழி வேறு. அதைத் தேடித்தான் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனேன்.

தேனியைத் தாண்டிச் சின்னமனூர், உத்தமபாளையம் என்று தெற்கே போகப் போக, மேற்கில் மலை நெருங்கி வருகிறது. ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி என்று ஊருக்கு ஊர் திராட்சைப் பந்தல்கள். கல்தூண்களுக்கு மேல் கம்பி வலை, அதன்மேல் கொடி, தலைக்கு மேல் கருநீலக் குலைகள். வெளியே வெயில் கொளுத்தினாலும் பந்தலுக்கடியில் நிழல் தட்டிக் குளிர்ந்து கிடக்கும். தமிழ்நாட்டுப் பன்னீர் திராட்சையில் 85 விழுக்காடு வரை இந்தப் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது என்பது புவிசார் குறியீட்டையொட்டி வெளியான கணக்கு. 2023இல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’ அந்தக் குறியீட்டைப் பெற்றது.

ஐரோப்பாவில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். வருடத்துக்கு ஒரே அறுவடை. இங்கே கொடிக்கு உறக்கமே கிடையாது. விவசாயி கவாத்து செய்கிற நாள்தான் அதற்குப் புது வருடம். அன்றிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம். இரண்டு வருடத்தில் ஐந்து அறுப்பு எடுக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றில் பூ, ஒன்றில் பிஞ்சு, ஒன்றில் வெட்டுக்குத் தயாரான குலை என்று நிற்பதை ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பார்க்க முடியாது. “நாம வெட்டுனாத்தாண்ணே அது காய்க்கும். விட்டா இலையாப் போயிரும்” என்றார் சுருளிப்பட்டித் தோட்டக்காரர் ஒருவர். பேசிக்கொண்டே ஒரு குச்சியில் கண்களை எண்ணி, கத்தரியை வைத்து நறுக்கினார். வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாக நீர் கோத்தது.

தோட்டத்தின் மூலையில் டிரம்மில் நீலமாக ஒரு கரைசல் இருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ ஒயின் வட்டாரத்தில் 1885இல் மில்லார்தே என்ற பேராசிரியர் அடிச்சாம்பல் நோய்க்கு மருந்தாக இதை உலகுக்கு அறிவித்தார். கம்பத்துக்காரர் அதைப் பெயர் மாற்றாமல் இன்றும் தெளிக்கிறார்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். இந்தத் திராட்சை யார் கொண்டுவந்தது? எங்கே கேட்டாலும், எதைப் படித்தாலும் ஒரே பதில்தான்: 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார். தாவர நூல்கள் பன்னீர் திராட்சையின் உலகப் பெயரையும் சொல்கின்றன: மஸ்கட் ஹாம்பர்க். இந்த இரண்டு தகவல்களையும் தனித்தனியாகப் படித்தால் எந்தச் சிக்கலும் இல்லை. சேர்த்து வைத்தால் இடிக்கிறது.

மஸ்கட் ஹாம்பர்க் இயற்கையாகக் காட்டில் கிடைத்த ரகம் அல்ல. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயரில் ரெஸ்ட் பார்க் என்ற பிரபு மாளிகையில் தோட்டக்காரராக இருந்த சீவர்ட் ஸ்னோ, கண்ணாடிக் கூடாரத்தில் வளர்த்து எடுத்த கலப்பினம். அதன் பெற்றோரை மரபணு ஆய்வும் உறுதி செய்திருக்கிறது. ஒன்று மத்தியதரைக் கடல் நாடுகளின் பழம்பெரும் ரகமான மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. வாசனை அதன் வழி வந்தது. ரோஜா எண்ணெயில் இருக்கும் ஜெரானியால் என்ற மணப்பொருள் மஸ்கட் குடும்பத்துப் பழங்களிலும் உண்டு. இன்னொன்று பிளாக் ஹாம்பர்க். கறுப்பு நிறமும் பருத்த மணியும் அதன் கொடை. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்டு இன்றும் காய்த்துக்கொண்டிருக்கும் பெருங்கொடி அந்த ரகம்தான். ஸ்னோவின் புது ரகம் தோட்டக்கலை உலகில் பெயர் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். 1832இல் ஒரு பாதிரியாரின் கையில் அது இருந்திருக்க வழியில்லை.

அப்படியானால் பாதிரியார் கதை பொய்யா? நான் அப்படி நினைக்கவில்லை. பூசையில் பயன்படும் இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக உண்டானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். வேறு எந்தப் பழச்சாறும் செல்லாது. புதுச்சேரியில் இறங்கும் பீப்பாய் மாட்டுவண்டியில் மதுரைச் சீமைக்குப் போய்ச் சேர்வதற்குள் புளித்துப்போகாமல் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே இருந்த பிரெஞ்சுக் குருக்கள் பாரிஸ் வெளிநாட்டு மறைபோதக சங்கத்தார். இயேசு சபையார் 1837க்குப் பிறகுதான் மதுரைக்குத் திரும்பினார்கள். தன் பங்கிலேயே ஒரு கொடியை ஊன்றிவைக்க அந்த மறைபோதக சங்கத்தாரில் ஒருவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆக, 1832இல் ஒரு கொடி வந்திருக்கலாம். அது வேறு கொடி. இன்று நாம் தின்னும் பன்னீர் திராட்சை அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து, அநேகமாக 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து பயணம் சுருங்கிய பிறகு, அதே தேவாலய வழியிலோ வெள்ளைக்காரத் தோட்டங்களின் வழியிலோ வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. 1895இல் முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் பள்ளத்தாக்கில் இறங்கிய பிறகே இந்த நிலம் பெருவிவசாயத்துக்குத் தயாரானது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்வதால் கம்பத்தின் பெருமை குறையாது, கூடவே செய்யும். குளிர்நாட்டுக் கண்ணாடிக் கூடாரத்தில் செல்லமாக வளர்ந்த ஒரு செடியை, வெட்டவெளிப் பந்தலில் ஏற்றி, வருடம் முழுக்கக் காய்க்கப் பழக்கியவர்கள் பெயர் தெரியாத உழவர்கள். ஒரு பாதிரியார், ஒரு வருடம் என்று கதையைச் சுருக்கும்போது விடுபட்டுப்போவது அவர்கள்தான். பன்னீர் பழம் தோல் மெல்லியது, சீக்கிரம் உதிரும், நாள்கணக்கில் தாங்காது. வெட்டிய இரவே லாரி ஏற வேண்டும். விதையில்லாத ரகங்களோடு விலையில் மல்லுக்கட்டவும் வேண்டும். பள்ளத்தாக்கிலேயே ஒயின் ஆலை வந்துவிட்டது என்றாலும், பெரும்பகுதிப் பழம் இன்னும் கூடையிலும் ஜூஸ் கடையிலும்தான் விற்றுத் தீர வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு பயிரை விடாமல் வைத்திருப்பவர்களுக்குச் சரியான வரலாறாவது கிடைக்க வேண்டும்.

அது கிடைக்கக்கூடியதுதான். மறைபோதக சங்கத்தின் கடிதங்கள் பாரிஸ் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய பங்குகளில் கணக்கேடுகளும் நாட்குறிப்புகளும் பீரோவுக்குள் கிடக்கின்றன. பிரெஞ்சு தெரிந்த ஒரு ஆய்வு மாணவர் உட்கார்ந்தால் போதும். இன்னொரு வழியும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் ஆனைமலையன்பட்டியிலேயே இருக்கிறது. மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்தில் உங்கள் ஊர்க் கோவில் வளாகத்திலோ பழைய பங்களாவிலோ வயதான திராட்சைக் கொடி ஒன்று இருந்தால், கட்டடம் கட்டுகிறோம் என்று வெட்டிப் போடுவதற்கு முன் அந்த நிலையத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். 1832இல் வந்தது எந்தக் கொடி என்பதை அதன் ஒரு இலை சொல்லிவிடக்கூடும்.